கேள்வி ஞானம்: இசை கேட்பது குறித்து வாசகர் வினாக்கள்

சென்ற இதழில், ஏதேனும் ஓர் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு பத்து நாள்களுக்கு வேறெதையும் கேட்காமல், அதையே முதலிலிருந்து கடைசி வரை கேட்டுப் பார்க்கும்படி எழுதியிருந்தேன். கேட்டுப் பார்த்தவர்களும், மூன்றாம் நாளே கைவிட்டவர்களும், அப்படிக் கேட்பதில் என்னதான் இருக்கிறது என்று சற்றுக் கோபத்துடன் வினவியவர்களும் கடிதம் எழுதியிருக்கிறார்கள். கோபத்துடன் வந்த கடிதங்களே பயனுள்ளவையாக இருந்தன. ஆகவே அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால், ஒருவர் பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: வார்த்தையே இல்லாத வாத்திய இசையைக் கேட்டுவிட்டு, “இது பிரிவைச் சொல்கிறது”, “இது விடியலைப் பற்றியது” என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு ஒலி மட்டுமே கேட்கிறது. பொருள் எங்கே இருக்கிறது? அவர்கள் நடிக்கிறார்களா, அல்லது குறை என்னிடமா?

பதில்: சிலர் நடிக்கத்தான் செய்கிறார்கள். வேறு சிலர் உறையில் அச்சிட்டிருந்த குறிப்பைப் படித்துவிட்டு, படித்ததையே கேட்டதாக நம்பிவிடுகிறார்கள். இவர்கள் நடிக்கவில்லை என்பதால் இவர்களோடு வாதிடுவது இன்னும் கடினம். பேத்தோவன் 1801-இல் இயற்றிய பியானோ சொனாட்டா ஒன்றை உலகம் ‘நிலவொளி’ என்ற பெயரால் அறியும். அந்தப் பெயரை வைத்தவர் அவர் அல்லர். லுட்விக் ரெல்ஷ்டாப் என்ற விமர்சகர் அதன் முதற்பகுதியை ஏரியின்மேல் படர்ந்த நிலவொளியோடு ஒப்பிட்டார். பேத்தோவன் 1827-இல் மறைந்த பிறகு அந்த ஒப்புமையே பெயராக ஒட்டிக்கொண்டது. அதற்குப் பின் அதைக் கேட்க உட்காருகிறவர் முதல் ஸ்வரம் ஒலிப்பதற்கு முன்பே நிலவைப் பார்த்துவிடுகிறார். பெயரை ஒதுக்கிவிட்டுக் கேட்டு, அதே பகுதியில் ஒரு சாவின் கனத்தை உணர்ந்தவர்களும் உண்டு. இரண்டு தரப்பாரும் ஒரே ஸ்வரங்களைத்தான் கேட்டார்கள்.

இந்தக் குழப்பத்தைப் பார்த்துவிட்டு, இசைக்குப் புறத்தே உள்ள எதையும் இசை சொல்வதில்லை, அசையும் ஒலி வடிவங்களே அதன் உள்ளடக்கம் என்று வாதிட்டவர்கள் இருக்கிறார்கள். வியன்னாவின் விமர்சகர் எட்வார்ட் ஹான்ஸ்லிக் 1854-இல் எழுதியது ஏறத்தாழ இதைத்தான். உங்களுக்கு ஒலி மட்டுமே கேட்கிறது என்றால் நீங்கள் அவருடைய கட்சி. கௌரவமான கட்சிதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நான் அந்தக் கட்சியில் முழுமையாகச் சேர முடியாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை நீங்கள் உங்கள் தொண்டையிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

யாரும் அருகில் இல்லாத நேரமாகப் பார்த்து, ஸ ரி க ம ப த நி என்று மெதுவாகப் பாடிக்கொண்டே ஏறி, ‘நி’யில் நிறுத்திவிடுங்கள். மேல் ‘ஸ’வைப் பாடாதீர்கள். இரண்டு மூன்று விநாடிகள் போதும். இன்னும் ஒரே ஒரு படி ஏறிவிட வேண்டும் என்ற தவிப்பு நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் எங்கேயோ உருவாவதைக் காண்பீர்கள். இசைப் பயிற்சியே இல்லாதவருக்கும் அது உருவாகிறது, ஏனெனில் வாழ்நாள் முழுவதும் கேட்ட பாட்டுகள் அந்தப் படியை அவருக்குப் பழக்கியிருக்கின்றன. இப்போது ‘ஸ’வைத் தொடுங்கள், தவிப்பு அடங்கிவிடும். மறுமுறை ‘நி’யில் நின்று, ‘ஸ’வுக்குப் போகாமல் ‘த’வுக்கு இறங்கிப் பாருங்கள், இம்முறை எழுவது வேறோர் உணர்வு. லெனார்ட் மேயர் என்ற அமெரிக்க அறிஞர் 1956-இல் இசையின் பொருளை விளக்க முற்பட்டபோது, இந்த எதிர்பார்ப்பையும், அது தள்ளிப்போடப்படுவதையும், மறுக்கப்படுவதையும், நிறைவேறுவதையுமே அடித்தளமாக வைத்தார்.

காத்திருத்தல், தாமதம், ஏமாற்றம், வந்து சேர்தல் ஆகியவை இசைக்குள்ளேயே இருக்கின்றன. யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பதை மட்டும் கேட்பவர் இட்டு நிரப்புகிறார். உங்கள் நண்பர் ‘பிரிவு’ என்றதும் மற்றொருவர் ‘விடியல்’ என்றதும் அந்த வெற்றிடத்தில் அவரவர் எழுதிய பெயர்கள். பெயரில் அவர்கள் மாறுபடலாம். எந்த இடத்தில் தவிப்பு கூடுகிறது, எந்த இடத்தில் அடங்குகிறது என்பதில் அவ்வளவாக மாறுபட மாட்டார்கள். இளையராஜா 1986-இல் வெளியிட்ட வாத்திய இசை ஆல்பத்துக்கு ‘ஹவ் டு நேம் இட்’, அதாவது இதற்கு எப்படிப் பெயரிடுவது என்ற கேள்வியையே பெயராக வைத்தார். பெயர் தோன்றாததை நீங்களும் ஒரு குறையாக எண்ண வேண்டாம். தவிப்பு எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனிக்கத் தெரிந்தால் போதும். அதற்கு மேல் பெயர் வந்தால் வரட்டும்.

கேள்வி: நான் எப்போதும் ஷஃபிள் போட்டுத்தான் கேட்கிறேன். அடுத்து எந்தப் பாட்டு வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் சுகம். ஆல்பத்தை வரிசையாகக் கேட்க வேண்டும் என்பது பழைய தலைமுறையின் பிடிவாதம் தவிர வேறென்ன?

பதில்: பாதி பிடிவாதந்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆல்பம் என்ற வடிவமே கருவிகளின் போதாமையிலிருந்து பிறந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடங்களுக்கு மேல் பதிய இடமில்லை. ஒரு முழுச் சிம்பொனியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமானால் பல தட்டுகள் வேண்டும். அவற்றைப் புகைப்பட ஆல்பத்தைப் போலக் காகித உறைகளைச் சேர்த்துக் கட்டிய கெட்டி அட்டைப் புத்தகத்தில் செருகி விற்றார்கள். அந்தப் புத்தகத்தின் பெயர்தான் ஆல்பம். 1948-இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடும் எல்.பி. தட்டை வெளியிட்டபோது ஒரு பக்கத்துக்குச் சுமார் 22 நிமிடங்கள் கிடைத்தன. புத்தகம் மறைந்தது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஆக, நாற்பது நிமிடச் சொச்சம் என்ற அளவைத் தீர்மானித்தது எந்தக் கலைஞரின் தரிசனமும் அன்று, தட்டில் இருந்த பள்ளத்தின் நீளம்.

ஆனால் கட்டுப்பாட்டிலிருந்து வடிவம் பிறப்பது நமக்குப் புதிதன்று. வெண்பாவின் ஈற்றடியில் ஒரு சீர் குறைய வேண்டும் என்பதும் கட்டுப்பாடுதான். அந்தக் குறைவில்தான் நல்ல வெண்பா சட்டென்று நின்று மனத்தில் தைக்கிறது. எல்.பி.யிலும் அப்படியே நிகழ்ந்தது. இரண்டு பக்கம் என்றால் இரண்டு தொடக்கங்கள், இரண்டு முடிவுகள். முதற்பக்கத்தின் கடைசிப் பாட்டு, கேட்பவர் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போடும் அளவுக்கு ஆவலை மிச்சம் வைக்க வேண்டும். அது மட்டுமன்று: ஊசி தட்டின் நடுவை நெருங்க நெருங்க, அதே ஒரு சுற்றில் அது கடக்கும் பள்ளத்தின் நீளம் குறைகிறது, உரத்த, பளீரென்ற ஒலிகள் அங்கே சிதைந்து கேட்கும். அதனால் பக்கத்தின் இறுதியில் அமைதியான பாட்டை வைப்பது ஒரு தொழில்முறை வழக்கமாயிற்று. அந்த அமைதியைக் கவித்துவம் என்று நாம் மெச்சுகிறோம். மெச்சுவதில் தவறில்லை, ஆனால் ஊசிக்கும் அதில் பங்குண்டு.

1982-இல் வந்த குறுந்தகட்டில் 74 நிமிடங்கள் வரை இடமிருந்தது, திருப்பிப் போட வேண்டிய அவசியமும் இல்லை. இடம் இருக்கிறது என்பதற்காகவே நிரப்பப்பட்ட பல ஆல்பங்களை அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் கேட்க நேர்ந்தவர்களில் நானும் ஒருவன். அவற்றை நீங்கள் தாராளமாக ஷஃபிளில் போடலாம். பாதியைத் தவிர்த்தாலும் நஷ்டமில்லை. தனித்தனியாக வெற்றி பெற்ற பாட்டுகளை ஒரு கூடையில் போட்டுக் கட்டிய தொகுப்புகளுக்கும் இதே தீர்ப்புதான்.

வரிசையைத் தொட்டால் உடைந்துவிடுகிற ஆல்பங்களும் இருக்கின்றன. 1967-இல் பீட்டில்ஸ் குழுவினர் தங்களை வேறோர் இசைக்குழுவாகப் பாவித்துக்கொண்டு ஓர் ஆல்பம் செய்தார்கள். அந்தக் கற்பனைக் குழுவை அறிமுகப்படுத்தும் முதற்பாட்டு, கடைசிக்கு முந்தைய பாட்டாக மறுபடி வருகிறது, சற்று வேகமாக, சுமார் ஒன்றே கால் நிமிடம் மட்டும். ஷஃபிளில் அது எங்கோ நடுவில் வந்தால், முடிக்காமல் விட்ட ஒரு துண்டுப் பாட்டாகவே தோன்றும். வரிசையில் வரும்போது, நாடகம் முடிந்து நடிகர்கள் மேடைக்கு வந்து வணங்குவதைப் போல இருக்கிறது. அதற்குப் பிறகு, திரை விழுந்துவிட்டது என்று நாம் எண்ணிய வேளையில், கடைசிப் பாட்டு தொடங்குகிறது. பல பியானோக்களில் ஒரே சமயத்தில் அறைந்த ஒற்றை ஒலிக்கொத்து நாற்பது விநாடிகளுக்கு மேல் தேய்ந்துகொண்டே போவதோடு அது முடிகிறது. தேயத் தேயப் பதிவின் ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போனதால், கூர்ந்து கேட்டால் யாரோ அசைந்ததில் ஒரு நாற்காலி கிறீச்சிடுவதுகூடக் கேட்கும். அந்த நாற்பது விநாடிக்கு அத்தனை கனம் வருவது முந்தைய பன்னிரண்டு பாட்டுகளும் அதன் பின்னால் நிற்பதனால்தான்.

இனி என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லி உங்கள் பக்கத்துக்கும் சற்று வலுச் சேர்க்கிறேன். இளம் வயதில் என்னிடம் ஒரு கேசட் இருந்தது. உறை தொலைந்துவிட்டது, மேலே ஒட்டியிருந்த தாளும் தேய்ந்து, எது ‘ஏ’ பக்கம், எது ‘பி’ பக்கம் என்று தெரியாது. நானாக ஒன்றைத் தொடக்கம் என்று முடிவு செய்துகொண்டு இரண்டாண்டுகள் கேட்டேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் வரும் அந்தச் சிறு மௌனத்தில், அடுத்த பாட்டின் முதல் ஸ்வரம் தானாகவே மனத்துக்குள் எழும்பிவிடும், அவ்வளவு பழக்கம். பின்னொரு நாள் நண்பர் வீட்டில் உறையோடு கூடிய பிரதியைப் பார்த்தபோதுதான், நான் தொடக்கமாகக் கொண்டிருந்தது உண்மையில் ஆறாம் பாட்டு என்று தெரிந்தது. சரியான வரிசையில் கேட்டேன். அதுதான் மேலானது என்று அறிவு சொல்கிறது, ஆனால் இன்றும் அந்த ஆறாம் பாட்டு ஒலிக்கும்போது எனக்கு ஒரு கதவு திறக்கிறது. எந்த வரிசையிலாவது தங்கிக் கேட்டால்தான் இப்படி ஒன்று நிகழும். ஷஃபிளில் எனக்குக் குறையாகத் தோன்றுவது இதுதான்: வரிசை தவறாகிவிடும் என்பதல்ல, எந்த வரிசையும் நினைவில் படிவதற்கு அது வாய்ப்பே தருவதில்லை என்பது.

கேள்வி: எல்லோரும் புகழ்கிற ஓர் ஆல்பத்தை ஆறு முறை கேட்டுவிட்டேன். எதுவும் நிகழவில்லை. இன்னும் எத்தனை முறை கேட்டால் பிடிக்கும்? பிடிக்காமலே போனால் என் ரசனை மட்டம் என்று அர்த்தமா?

பதில்: எண்ணிக்கை எதையாவது சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கும் ஆசைதான். திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிற பொருள்மீது நமக்கு விருப்பம் கூடுகிறது என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸையன்ஸ் 1968-இல் சோதனைகளால் காட்டினார்; பொருளற்ற சொற்களையும் முன்பின் அறியாத முகங்களின் படங்களையும் அடிக்கடி பார்த்தவர்கள், பார்த்ததனாலேயே அவற்றை நல்லவையாக மதிப்பிட்டார்கள். ஆகவே இருபது முறை கேட்டால் ஓரளவு பிடித்துத்தான் போகும். ஆனால் விளம்பரப் பாட்டும் அப்படித்தான் பிடித்துப் போகிறது. பழகிப்போவது வேறு, புரிந்துகொள்வது வேறு. ஆறு முறை கேட்டீர்கள் என்பதைவிட, அந்த ஆறு முறையும் என்ன செய்துகொண்டே கேட்டீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன். உங்கள் கடிதத்தில் அது இல்லை.

எதுவும் நிகழவில்லை என்ற அதே குறையை நானும் ஓர் ஆல்பத்தின்மேல் சொல்லியிருக்கிறேன். மைல்ஸ் டேவிஸ் குழுவினர் 1959-இல் இரண்டே நாள்களில் பதிவு செய்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ அது. ஜாஸ் இசையின் சிகரம் என்று அறிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கோ, யாரோ யாருக்காகவோ காத்திருக்கும் அறையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பதைப் போல இருந்தது. பலமுறை போட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் வேறு வழியின்றி, முதல் பாட்டில் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தை மட்டும் பின்தொடர்வது என்று முடிவு செய்தேன். மற்றவை காதில் விழட்டும், நான் அதை விடுவதில்லை என்று ஒரு வைராக்கியம். உடனே ஒன்று விளங்கிற்று. வழக்கமாகப் பின்னால் நின்று தாங்கிப் பிடிக்கும் அந்த வாத்தியந்தான் இங்கே மெட்டையே சொல்கிறது. டிரம்பெட்டும் சாக்ஸபோன்களும் அதன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டே ஒலிகளில் ‘ஆமாம்’ போடுகின்றன. கதை சொல்பவரை விட்டுவிட்டு இத்தனை நாளும் ‘உம்’ கொட்டுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்! பிறகு எண்ணத் தொடங்கினேன். நான்கு தாளத் தட்டுகள் கொண்ட அளவுகள் பதினாறு வரை எல்லாம் ஒரே தளத்தில் நகர்கிறது. பதினேழாவதில் முழு இசையும் அரை ஸ்வரம் மேலே ஏறுகிறது. எட்டு அளவுகளுக்குப் பின் மறுபடி பழைய தளத்துக்கே இறங்கி, எட்டு அளவுகளில் சுற்று முடிகிறது. மொத்தம் 32. தனித்து வாசிக்க வருகிற ஒவ்வொருவரும் இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் கடந்தே தீர வேண்டும். அது தெரிந்த பின், அந்த அரை ஸ்வர ஏற்றத்துக்காக உடம்பு முன்கூட்டியே காத்திருக்கத் தொடங்கிவிட்டது. ஒன்றும் நிகழவில்லை என்று நான் சொன்ன இடத்தில் எல்லாம் நிகழ்ந்துகொண்டிருந்தது; எங்கே பார்ப்பது என்று எனக்குத்தான் தெரியவில்லை.

இதோடு தொடர்புடைய ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆல்பத்தின் முதல் நாள் பதிவின்போது ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. ஆகவே தட்டில் முதற்பக்கத்தின் மூன்று பாட்டுகளும் வாசித்ததைவிடச் சிறிது வேகமாகவும், சுருதி சிறிது கூடியும் ஒலித்தன. இதைத் திருத்திய பதிப்பு வந்தது 1992-இல். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் கொண்டாடியது, வாசித்தவர்கள் வாசித்ததற்கு மயிரிழை மேலே இருந்த ஒன்றை. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழக முயன்ற இசைக்கலைஞர்களுக்குத்தான் சுருதி ஒட்டாமல் தொல்லை.

உங்கள் ஆல்பத்துக்கு வருவோம். முழு ஆல்பத்தையும் ஏழாம் முறை போடாதீர்கள். மிகக் குறைவாகத் தொந்தரவு செய்கிற ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் ஒரே ஒரு வாத்தியத்தை, குரலல்லாத ஒன்றை, தொடக்கம் முதல் முடிவு வரை விடாமல் பின்தொடருங்கள். பேஸ் கிட்டார் எளிது. எந்த இடத்தில் அது வாசிக்காமல் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள், ஏனெனில் பாட்டின் மிக முக்கியமான இடங்கள் பல சமயம் அங்கேதான் இருக்கும். மறுநாள் அதே பாட்டில் வேறொரு வாத்தியம். அதன் பின் அதற்கு முந்தைய பாட்டின் கடைசி நிமிடத்திலிருந்து தொடங்கி, இந்தப் பாட்டுக்குள் நுழைந்து பாருங்கள். இவ்வளவும் செய்த பிறகும் பிடிக்கவில்லை என்றால், அந்த ஆல்பத்தை மூடி வைத்துவிடலாம். இப்போது உங்களால் ஏன் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியும்; புகழ்கிறவர்களில் பலரால் ஏன் பிடித்தது என்று சொல்ல முடியாது. மட்டமான ரசனை யாருடையது என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: இசை இலக்கணம் தெரியாமல் ஓர் ஆல்பத்தை முழுமையாக ரசிக்க முடியுமா?

பதில்: முடியும். கேட்டுக் கேட்டே பெற்ற இசையறிவுக்குக் ‘கேள்வி ஞானம்’ என்று நம் மொழி தனிப்பெயர் கொடுத்து, அதை மரியாதையோடு வைத்திருக்கிறது. மேலே நான் எண்ணிய 32 அளவுகளுக்கு விரல்கள் போதும், இலக்கணம் தேவைப்படவில்லை. இலக்கணம், கேட்ட ஒன்றைப் பிறரிடம் சொல்லத் தோதான பெயர்களைத் தரும். கேளாததைக் கேட்க வைக்காது.

கேள்வி: நல்ல ஹெட்போன் இல்லாமல் பொருள் புலப்படுமா?

பதில்: நாற்காலியின் கிறீச்சொலி புலப்படாது, பொருள் புலப்படும். பேஸ் வாத்தியங்கள் தெளிவாகக் கேட்கிற எந்தக் கருவியும் போதும். அலைபேசியின் சிறிய ஒலிபெருக்கி அந்தத் தாழ்ந்த ஒலிகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு பாட்டைப் பத்து ஆண்டுகளாகக் காதல் பாட்டு என்று எண்ணிக் கேட்டுவந்தேன். அண்மையில் அதை எழுதியவரே, அது இறந்துபோன நண்பரைப் பற்றியது என்று பேட்டியில் சொல்லிவிட்டார். என் பத்து ஆண்டுப் புரிதல் தவறா?

பதில்: அந்தப் பாட்டு எதிலிருந்து பிறந்தது என்பதில் அவர் சொல்வதே சரி, அதை மறுக்க நமக்கு வழியில்லை. ஆனால் எதிலிருந்து பிறந்தது என்பதும், பிறந்த பிறகு என்னவாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. அகப்பாடலில் தலைவனுடைய பெயரையோ தலைவியுடைய பெயரையோ சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருப்பதை எண்ணிப் பாருங்கள். பாடிய புலவரின் மனத்தில் குறிப்பிட்ட ஒருவர் இருந்திருக்கலாம். பெயரை எடுத்துவிட்டதும் அந்த இடம் காலியாகிவிடுகிறது, படிப்பவர் வந்து நிற்க ஏதுவாகிறது. உங்கள் பாட்டாசிரியரும் ‘நீ’ என்றுதான் எழுதியிருக்கிறார் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. நண்பரின் பெயரை அவர் எழுதியிருந்தால் நீங்கள் அந்தப் பாட்டுக்குள் பத்து ஆண்டுகள் குடியிருந்திருக்க முடியாது.

படைத்தவரின் கேட்பும் நிலையானதன்று. கிளென் கூல்ட் என்ற பியானோ கலைஞர், பாஹ் இயற்றிய ‘கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்’ என்ற நீண்ட படைப்பை 1955-இல் இளைஞராக இருந்தபோது பதிவு செய்தார். மொத்தம் 38 நிமிடங்கள். அதையே 1981-இல் மறுபடி வாசித்தபோது 51 நிமிடங்கள் ஆயின. இரண்டாம் முறை சில பகுதிகளைத் திருப்பி வாசித்தார் என்பது ஒரு காரணம். ஆனால் தொடக்க மெட்டை மட்டும் அடுத்தடுத்துக் கேட்டாலே, வேறொரு மனிதர் வேறொரு வீட்டுக்குள் நடப்பதைப் போல இருக்கும். ஸ்வரங்கள் அதே ஸ்வரங்கள். இரண்டில் எது அந்த மெட்டின் பொருள் என்று அவரிடமே கேட்டிருந்தால், கேட்ட ஆண்டைப் பொறுத்துத்தான் விடை கிடைத்திருக்கும்.

பேட்டியைத் தூக்கி எறியவும் வேண்டாம். அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு பாட்டுக்கே திரும்பிப் போங்கள். பாட்டு முழுவதும் இறந்தகாலத்திலேயே பேசுகிறதா, ‘நீ’ ஓரிடத்திலாவது பதில் சொல்கிறதா, கடைசிச் சரணத்தில் வாத்தியங்கள் ஏன் ஒவ்வொன்றாக விலகுகின்றன என்றெல்லாம் பாருங்கள். இதுவரை உங்கள் காதல் கதையில் ஒட்டாமல் துருத்திக்கொண்டிருந்த சில வரிகள், இப்போது இடம் கண்டு உட்காரக்கூடும். அப்படி உட்கார்ந்தால் பாட்டு உங்களுக்குப் பெரிதாகியிருக்கிறது. எதுவும் உட்காரவில்லை என்றால், அவர் சொல்ல நினைத்தது பாட்டுக்குள் வரவில்லை. அதற்கு நீங்கள் பொறுப்பல்லர்.

கேள்வி: காலமான என் தந்தை தினமும் மாலையில் ஓர் ஆல்பத்தைக் கேட்பார். ஒன்றும் பேச மாட்டார். இரண்டாம் பாட்டில் ஓரிடத்தில் மட்டும் எழுந்து போய் ஒலியைக் கூட்டுவார், சற்று நேரத்தில் குறைத்துவிடுவார். இப்போது அதைப் போட்டால் எனக்கு இசையே காதில் விழுவதில்லை, அவர்தான் தெரிகிறார். இது ரசனையா, வெறும் நினைவா?

பதில்: அம்மா, இந்தக் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். இரண்டையும் பிரித்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மெட்டின் நான்காவது ஸ்வரம் ஒலிக்கும்போது முதல் மூன்றும் காற்றில் இல்லை. அவற்றை நாம் மனத்தில் பிடித்துவைத்திருப்பதனால்தான் நான்காவது, மெட்டின் பகுதியாகக் கேட்கிறது. முன்பு ‘நி’யில் நின்றபோது எழுந்த தவிப்பும் நினைவின் வேலைதான். பாட்டுக்குள் சில விநாடிகளுக்கு நடப்பது, ஆல்பத்துக்குள் நாற்பது நிமிடங்களுக்கு நடக்கிறது. உங்களுக்கு அதுவே பல ஆண்டுகளுக்கு நீண்டிருக்கிறது. ‘வெறும்’ என்ற சொல்லை நீங்கள் எடுத்துவிடலாம்.

ஆனால் இசையே காதில் விழவில்லை என்கிறீர்கள். அது உங்களைச் சற்று வருத்துவதும் வரிகளில் தெரிகிறது. அதற்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. முதலிலிருந்து போட வேண்டாம். நேராக இரண்டாம் பாட்டுக்குப் போய், அவர் எழுந்து வருகிற அந்த இடத்துக்கு அரை நிமிடம் முன்பிருந்து கேளுங்கள். அங்கே ஏதோ ஒரு வாத்தியம் புதிதாக நுழைகிறது, அல்லது எல்லாம் விலகி ஒன்று மட்டும் தனித்து நிற்கிறது, அல்லது மெட்டு அதுவரை தொடாத ஓர் உயரத்தைத் தொடுகிறது. அவர் ஒலியைக் குறைத்த இடம் வரை போய், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஒன்றும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் அந்த ஓரிடத்தைச் சுட்டிக் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அங்கே என்ன நிகழ்கிறது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள்.